படிகம் விலைபோன இடங்கள்

படிகக் கல்லின் வரலாறு பெரும்பாலும் அது தோண்டியெடுக்கப்பட்ட குழிகளையும் பட்டை தீட்டப்பட்ட பட்டறைகளையும் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. அது கைமாறிய சந்தைகளுக்கும் துறைமுகங்களுக்கும் வணிகர் குழுக்களுக்கும் அந்த வரலாற்றில் கிடைத்த இடம் மிகக் குறைவு. நெல்லின் மதிப்பைப் பசி சொல்லிவிடும், இரும்பின் மதிப்பை அதைக் கொண்டு செய்யும் வேலை சொல்லிவிடும்; படிகத்திற்கோ, வாங்குபவர் தம் முன்னே இருப்பது இன்ன கல்தான் என்று நம்பினாலன்றி விலையே பிறப்பதில்லை, அந்த நம்பிக்கையை உண்டாக்கித் தருவது கல் விற்கப்படும் இடமே. இணையத்தில் எந்தத் தளத்தில் படிகம் விற்பது என்று இன்றைய சிறு வணிகர் ஒருவர் கேட்கும் கேள்வியின் கருவிதான் புதிது, கேள்வி ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. தென் அந்தமானில், சாத்தம் துறையிலிருந்து புறப்படும் படகுகள் விரிகுடாவைக் கடந்து கரைசேரும் பாம்பூஃப்ளாட் என்னும் சிற்றூரை மனத்தில் வைத்து அந்தக் கேள்வியைப் பின்தொடர்வது பொருத்தமானது. ஏனெனில் படிகத்தை ஒருபோதும் விற்காத மக்களின் நிலமும், படிகத்தை விற்பதற்காகக் கடல் கடந்த மக்களின் வழியும் சந்தித்துக்கொள்ளாமலே அருகருகே இருந்தது இந்தக் கடலில்தான்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. படிகம், பளிங்கு என்னும் இரு சொற்களும் பழந்தமிழில் ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ் கல்லைக் குறித்தன. பளிங்கு என்னும் சொல் பிற்காலத்தில் மாளிகைத் தளங்களில் பதிக்கும் சலவைக்கல்லுக்குப் பெயராகிவிட்டதால், பழைய நூல்களில் பளிங்கு வரும் இடங்களை இன்றைய வாசகர் பிழையாகப் படிக்க நேர்கிறது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்து அறுகோணப் பட்டகமாக வளரும் கனிமம். மோஸ் என்னும் கடினத்தன்மை அளவுகோலில் அது 7ஆம் படியில் நிற்கிறது, அதாவது கண்ணாடியையும் எஃகுக் கத்தியையும் கீறக்கூடியது. ஊதா நிறம் கொண்டால் அது செவ்வந்திக்கல், மஞ்சள் நிறம் கொண்டால் சிட்ரின், நிறமற்று இருந்தால் ஸ்படிகம். கனிமவியல் முறைப்படி வேறு இனமான பெரில் 7.5 முதல் 8 வரை கடினம் உடையது; மரகதமும் கடல்நிற அக்வாமரினும் அதன் வகைகள். இன்றைய கடைகளில் 'கிரிஸ்டல்' என்று விற்கப்படுபவற்றில் இவை எல்லாமும் கலந்தே கிடக்கின்றன, கண்ணாடியும் கூடத்தான்.

பாம்பூஃப்ளாட்டும் அதன் பின்னே உயரும் ஹாரியட் மலையும் (2021ஆம் ஆண்டு மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றப்பட்டது) ஒரு காலத்தில் ஆகா-பேயா மொழி பேசிய அந்தமானியரின் நிலமாக இருந்தன. தென் அந்தமானில் அகழப்பட்ட குப்பைமேடுகள், அதாவது தலைமுறை தலைமுறையாக உண்டு எறிந்த சிப்பி ஓடுகளும் பன்றி எலும்புகளும் பானை ஓடுகளும் குவிந்த மேடுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட குடியிருப்பைக் காட்டுகின்றன. கற்செதில்களும் அவற்றில் கிடைக்கின்றன. அந்தமான் தண்டனைக் குடியேற்றத்தில் அதிகாரியாகப் பணியாற்றிய ஈ. எச். மேன் 1880களில் வெளியிட்ட இனவரைவியல் குறிப்புகள் அந்தச் செதில்கள் உண்டான முறையைத் துல்லியமாக விவரிக்கின்றன: வெண்ணிறக் குவார்ட்ஸ் துண்டு ஒன்றைத் தீயில் சுட்டு ஆறவிட்டு, பின் அதை இறுகப் பிடித்து இன்னொரு துண்டால் செங்குத்தாக அடித்துச் செதில்களைப் பெயர்த்தனர், அந்த வேலை பெண்களுடையது, செதில்கள் தலைமயிர் மழிக்கவும் உடலில் தழும்புக் கோலம் இடவும் பயன்பட்டன, ஒரு முறை பயன்பட்ட செதில் மறுமுறை பயன்படவில்லை. அவர்கள் மொழியில் அந்தக் கல்லுக்கு 'தோல்மா' என்று பெயர். குடியேற்றத்தாரின் புட்டிகள் கைக்கு வந்தபோது, அவற்றின் கண்ணாடியை உடைத்துக் கிடைத்த செதில்கள் குவார்ட்ஸ் செதில்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்தக் குறிப்பை நிதானித்துப் படிப்பவருக்கு, ஒரே கல் இரு கரைகளில் எவ்வளவு வேறான வாழ்வு வாழ்ந்தது என்பது விளங்கும். அந்தமான் காட்டில் அந்தக் கல்லைப் பட்டை தீட்டவோ அணியவோ விற்கவோ ஒருவரும் முனையவில்லை. கூர்மை ஒன்றே அங்கு அதன் மதிப்பு, அந்தக் கூர்மையும் ஒரு காலைப்பொழுதுக்கு மேல் தேவைப்படவில்லை. ஏறத்தாழ அதே நூற்றாண்டுகளில், வங்கக் கடலுக்கு மேற்கே கொங்கு நாட்டில், அதே குவார்ட்ஸ் மணியாக உருண்டு நூலில் கோக்கப்பட்டு மத்தியதரைக் கடல் வரை போய்க்கொண்டிருந்தது.

நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலைக்கு அருகில் உள்ள கொடுமணலில், 1980களின் நடுப்பகுதியிலிருந்து பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகள் இந்தத் தொழிலின் பட்டறைத் தரையையே வெளிக்கொணர்ந்தன. தமிழ்ப் பல்கலைக்கழகம் முன்னெடுத்த அந்தப் பணியில் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் ஈடுபட்டனர். குவார்ட்ஸ், பெரில், நீலம், செவ்வந்திக்கல், அகேட், கார்னீலியன் என்னும் செம்மணிக்கல் ஆகியவை மூலக்கல்லாகவும், தட்டி உருட்டிய பருவத்திலும், துளையிடும்போது உடைந்து வீசப்பட்ட நிலையிலும், மெருகேறிய மணியாகவும் அங்குக் கிடைத்தன. ஒரே கல்லறையில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட செம்மணிகள் இருந்தன. மணி செய்வோர்க்குப் பேரிழப்பு நேர்வது துளையிடும் கட்டத்தில்தான், பல நாள் உழைப்பு ஒரு நொடியில் இரண்டாகப் பிளந்துவிடும்; அந்த உடைந்த மணிகளே ஓர் ஊர் மணியை வாங்கிப் பூண்ட ஊரா, செய்து விற்ற ஊரா என்பதை ஐயமின்றிச் சொல்லும் சான்றுகள். பெரில் காங்கேயத்திற்கு அருகிலுள்ள படியூரிலும், நீலம் சிவன்மலைப் பகுதியிலும் கிடைத்தன. செம்மணிக்கல் கூர்ச்சர நிலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. பதிற்றுப்பத்தில் புகழப்படும் கொடுமணம் என்னும் ஊர் இதுவே என்று பெரும்பாலோர் கொள்கின்றனர்.

கல் கிடைக்கும் இடத்திற்கு அருகில் பட்டறை அமைந்தது இயல்பு. அந்தப் பட்டறை கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையின் முசிறிக்குச் செல்லும் பெருவழியின் மேல் அமைந்திருந்ததோ, விற்கும் இடத்தை நினைத்துத் தொழிலிடம் தேர்ந்த அறிவைக் காட்டுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்திரியக் கடல் செலவு' என்னும் கையேடு, முசிறியும் அதன் அண்டைத் துறையான நெல்கிண்டாவும் ஏற்றுமதி செய்த பொருள்களைச் சொல்லும்போது மிளகு, முத்து, தந்தம் ஆகியவற்றோடு ஒளி ஊடுருவும் கற்கள் எல்லா வகையிலும் கிடைத்ததைக் குறிப்பிடுகிறது. கிரேக்கத்தின் 'பெரில்லோஸ்' என்னும் சொல்லே பிராகிருதத்தின் 'வெளுரிய' என்பதிலிருந்து போனது. தமிழின் வைடூரியம் அதற்கு உறவு. கல்லுடன் பெயரும் சேர்ந்து பயணம் செய்தது என்பதை இந்த வணிகத்தின் பெருமைக்குரிய அடையாளமாகவே கொள்ளலாம், ஏனெனில் பெயர் என்பது ஊற்றிடத்தை நினைவூட்டும் முத்திரை.

ஆனால் அந்த முத்திரை தொடக்கத்திலேயே ஐயத்திற்கும் இடமாயிற்று. உரோமானிய அறிஞர் மூத்த பிளினி கி.பி. 77 அளவில் எழுதி முடித்த இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில், பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கிறது என்று கூறிவிட்டு, இந்தியர்கள் படிகத்திற்குச் சாயமேற்றி வேறு மணிகளைப் போலவும், குறிப்பாகப் பெரிலைப் போலவும் செய்யும் வித்தையைக் கண்டறிந்திருக்கிறார்கள் என்றும் எழுதினார். இந்தக் கூற்றைக் கேட்டு நாண வேண்டியதில்லை. எகிப்தில் எழுதப்பட்டு இன்று ஸ்டாக்ஹோமில் இருக்கும் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏட்டில், படிகத்தை மரகதமாகவும் பிற மணிகளாகவும் தோன்றச் செய்யும் குறிப்புகள் நிறையவே உள்ளன, ஆகவே கை தேர்ந்தவர் இரு கரையிலும் இருந்தனர். கவனிக்க வேண்டியது வேறொன்று: கொடுமணலின் கைவினைஞரும் உரோமின் சீமாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இடையில் கணவாய், துறைமுகம், கப்பல், செங்கடல், பாலைவனம், நைல் நதி, அலெக்சாந்திரியா என ஏழெட்டுக் கைமாற்றங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கல்லின் வரலாறு சிறிது தேய்ந்து, அதன் விலை சிறிது ஏறியது. இணையத்தில் ஒளிப்படம் பார்த்துப் படிகம் வாங்குபவரின் நிலையும் அந்தச் சீமாட்டியின் நிலையும் இந்த ஒரு வகையில் ஒத்தவை.

தமிழகத்தின் உள்நாட்டுச் சந்தை இந்தச் சிக்கலுக்கு வேறு விடை கண்டிருந்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் சுற்றிவரும் மதுரை மணிக்கடைவீதியை இளங்கோவடிகள் வருணிக்கும் பகுதி அழகுக்காக மட்டும் படிக்கப்படுவது ஒரு குறை. ஒவ்வொரு மணிக்கும் உரிய நிறத்தையும் சாதியையும் குற்றத்தையும் வகைவகையாகச் சொல்லும் அந்தப் பகுதி, உண்மையில் ஒரு சந்தையின் தர நிர்ணய ஏடு. வைரத்தில் கறையும் கோடும் காக்கைக்கால் போன்ற கீற்றும் குற்றங்கள் என்பதை விற்பவரும் வாங்குபவரும் ஒரே சொற்களால் அறிந்திருந்த இடத்தில், கல்லின் குறை மறைக்கப்படாமல் விலைக்குள் சேர்த்து எண்ணப்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகள் மேல் சோழரின் புலிப் பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சுங்கத்திற்காக இட்ட பொறியே, இந்தப் பொதி இன்ன துறை வழியாக வந்தது என்னும் சான்றாகவும் நின்றிருக்கும். மாங்குளம் குகைக் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தோர் என்று ஒரு வணிகர் குழு தன்னைப் பெயர் சொல்லிக்கொள்கிறது. நிகமம் என்பது வணிகர் கூட்டமைப்பு, அதன் பெயர் சொன்னால் தனி வணிகரின் சொல்லுக்குக் குழுவின் சொல் பிணையாக நிற்கும். குற்றத்தைக் காட்டும் வீதியும் ஊற்றிடம் காட்டும் பொறியும் பிணை நிற்கும் குழுவும் சேர்ந்திருந்த சந்தையே அன்று நல்ல சந்தை.

கிழக்குக் கடலில் இந்த மூன்றையும் வணிகர் தம்முடன் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. தாய்லாந்தின் தென் தீவகற்பத்தில் கௌ சாம் கேவ் என்னுமிடத்தில், கி.மு. நான்காம் நூற்றாண்டளவிலிருந்து இயங்கிய மணிப் பட்டறைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பெரெனீஸ் பெலீனா, இந்தியக் கைநுட்பம் கொண்டு, ஆனால் தென்கிழக்காசிய மக்களின் விருப்பத்திற்கேற்ற வடிவங்களில், மிக உயர்ந்த தரமுடைய மணிகள் அங்கேயே செய்யப்பட்டன என்று காட்டினார். அதாவது கல்லை அனுப்பிவிட்டுக் காத்திராமல் கைவினைஞரே சந்தைக்குக் குடிபெயர்ந்தனர். வாங்குபவர் கண்முன்னே கல் உருண்டு துளைபெற்று மெருகேறுமானால், அதைவிடச் சிறந்த சான்றிதழ் இல்லை. அந்தமான் கடலைப் பார்த்திருக்கும் மேற்குக் கரையில், கிராபி மாநிலத்துக் க்லோங் தோமில் கிடைத்த ஒரு சிறு உரைகல்லில், கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் அது பெரும்பதன் என்பவரின் கல் என்று பொறிக்கப்பட்டுள்ளது. உரைகல் பொன்னின் மாற்றைச் சோதிக்கும் கருவி. கடல் கடந்து போன ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் தம் பெயரை நகையில் பொறிக்காமல் சோதிக்கும் கல்லில் பொறித்திருப்பது, நம்பகமே அவருடைய முதல் சரக்கு என்பதைக் காட்டுகிறது என்று கொள்வது மிகையாகாது.

அதே கரையில் வடக்கே, தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விடப்பட்டதைச் சொல்கிறது. மணிக்கிராமம் என்னும் பெயரைக் கண்டு அது மணி விற்போர் குழு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வணிகக் கிராமம் என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு அது என்பது அறிஞர் பலர் கருத்து. ஆயினும் கடல் கடந்த ஊரில் குளம் வெட்டிக் காத்த குழு, அங்கு வந்துபோகும் சரக்குக்கும் பிணையாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இந்தக் கரைக்கும் சோழ மண்டலத்திற்கும் இடையே அந்தமானும் நிக்கோபாரும் வழியில் கிடக்கின்றன. முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று வருவது நிக்கோபார்த் தீவுகளே. ஏழாம் நூற்றாண்டில் கெடாவிலிருந்து வடக்கே பயணம் செய்த சீனத் துறவி யிஜிங், ஆடையற்றோர் தீவின் மக்கள் தேங்காயையும் பிரம்புப் பொருள்களையும் படகுகளில் கொண்டுவந்து கப்பலோரத்திலேயே மாற்றிக்கொண்டதையும், அவர்கள் விரும்பியது இரும்பு ஒன்றையே என்பதையும் பதிவு செய்தார். அந்தத் தீவு நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்தது என்பர். கப்பலின் விலாப்புறமே அவர்களுக்குச் சந்தை. அதற்கு வடக்கே இருந்த அந்தமானியரோ அந்நியரை அண்டவிடாமல் அம்பால் விலக்கினர். மணிகள் ஏற்றிய கலங்கள் அவர்கள் கரையைத் தொலைவில் கண்டு ஒதுங்கிச் சென்றிருக்கும்.

அந்தமானில் சந்தை என்ற ஒன்று பிறந்தது தண்டனைக் குடியேற்றத்தின் நிழலில். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் தொடங்கிய முதல் குடியேற்றம் 1796இல் கைவிடப்பட்டது; 1858 மார்ச்சில் ஜே. பி. வாக்கர் ஏறத்தாழ 200 கைதிகளுடன் வந்திறங்கியதிலிருந்து இரண்டாவது குடியேற்றம் நிலைத்தது. விரிகுடாவின் வடகரையில் பாம்பூஃப்ளாட்டும் அதைச் சுற்றிய ஊர்களும் அந்தக் குடியேற்றத்தோடு வளர்ந்தன. 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிளக் குடும்பங்கள் இந்தப் பகுதியில் வேரூன்றின. விடுதலைக்குப் பின் தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் வந்து சேர்ந்தனர். இந்த மக்களுக்குப் படிகம் கிடைக்கவில்லை. கிடைத்தது கடற்சிப்பி, இயற்கையின் ஒரு நுட்பத்தால் அதுவும் ஒருவகைப் படிகமே, ஏனெனில் சிப்பி ஓட்டின் உட்புறத்தில் மின்னும் முத்துப்படலம், அரகோனைட் என்னும் சுண்ணகக் கனிமத்தின் நுண்தகடுகள் செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உண்டானது. டிரோக்கஸ், டர்போ என்னும் இரு பெருஞ்சிப்பிகள் 1930களில் ஜப்பானிய முக்குளிப்போரால் பெருமளவில் எடுக்கப்பட்டுப் பொத்தான் தொழிலுக்குச் சென்றன. பிற்காலத்தில் தீவுக் கடல் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுச் சிப்பி எடுக்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. ஓட்டின் மேல்தோலை அமிலத்தால் நீக்கி, உள்ளிருக்கும் ஒளியை வெளிக்கொணர்ந்து, சுற்றுலாப் பயணியரின் பெயரைச் செதுக்கி விற்பது போர்ட் பிளேரில் ஒரு கைத்தொழிலாயிற்று.

அந்தத் தொழிலின் தலைவிதியை மாற்றியது சட்டம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில், 2001ஆம் ஆண்டு பவளப்பாறை உயிரினங்களும் சங்கு, சிப்பி இனங்கள் பலவும் சேர்க்கப்பட்டன. பட்டியலில் உள்ளவற்றை எடுப்பதும் விற்பதும் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாயின, கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் செல்வதும் குற்றமாயிற்று. கைவினைஞர்க்கு இதனால் நேர்ந்த இழப்பு உண்மையானது. பாறைகள் காலியாகிக்கொண்டிருந்ததும் உண்மையானது. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால் சட்டம் பிந்தி வந்தது என்றே சொல்லத் தோன்றும். இணையச் சந்தையை எண்ணும் தீவுவாசி முதலில் அறிய வேண்டியது இதையே: அவர் காலடியில் கிடக்கும் அழகிய பொருள்களில் பெரும்பாலானவை விற்பனைக்கு உரியவை அல்ல, அவற்றை எந்தத் தளத்தில் இட்டாலும் குற்றம் குற்றமே.

பெருநிலத்தில் படிகத் தொழில் இதற்கிடையே வேறு வழியில் சென்றது. படியூரின் பெரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரால் மீண்டும் தோண்டப்பட்டது. காங்கேயம், கரூர் வட்டாரங்களில் கல் பொறுக்குவதும் பட்டை தீட்டுவதும் இன்றளவும் நடக்கின்றன, ஆனால் நல்ல கற்கள் விலைபோகும் இடமாக ஜெய்ப்பூரின் ஜொஹரி பஜார் ஆகிவிட்டது. திருச்சிராப்பள்ளியில் செயற்கை வைரம் பட்டை தீட்டுவது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் குடிசைத் தொழிலாக இருந்தது. 1976 அளவில் கியூபிக் சிர்க்கோனியா என்னும் செயற்கைக் கல் உலகச் சந்தைக்கு வந்தபோது அதை 'அமெரிக்கன் டைமண்ட்' என்னும் பெயரில் ஏற்றுக்கொண்ட அந்தத் தொழில், சீனத்தின் இயந்திரப் பட்டைக் கற்கள் மலிந்தபோது சரிந்தது. ஆஸ்திரியாவில் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி 1892இல் கண்ணாடி பட்டை தீட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்று, 1895இல் வாட்டென்ஸ் என்னும் சிற்றூரில் தொழிற்கூடம் தொடங்கித் தம் பெயரையே கண்ணாடிக் கல்லின் பெயராக்கிக்கொண்டதை இங்கு நினைக்க வேண்டும். திருச்சியின் கைகள் எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. அவற்றின் பெயர் கல்லுடன் சேர்ந்து பயணம் செய்யவில்லை, அதுவே வேறுபாடு.

இணையச் சந்தை இந்த நீண்ட வரிசையின் இறுதிக் கண்ணி. 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே, ஏலத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. 2004இல் பாஸி என்னும் இந்திய ஏலத் தளத்தை வாங்கி இந்தியாவிலும் கால்பதித்தது. 2005இல் பிறந்த எட்சி, கைவினைப் பொருளும் பழம்பொருளும் கைவினைக்கான மூலப்பொருளும் விற்கும் தளமாகத் தன்னை வரையறுத்துக்கொண்டது. 2007இல் பிளிப்கார்ட், 2013இல் இந்தியாவில் அமேசான், அதன்பின் இன்ஸ்டாகிராம் வழி நேரலை விற்பனை, 2021இன் இறுதியில் ஓஎன்டிசி என்னும் திறந்த மின்வணிக வலையமைப்பு என்று களங்கள் பெருகின. அந்தமானுக்கு இவை எல்லாம் பெயரளவில் எட்டின, உண்மையில் எட்டவில்லை, ஏனெனில் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையை நம்பியிருந்தது. ஒரு கல்லைப் பல கோணங்களில் படமெடுத்து ஏற்றுவதும், சுழலும் காணொளி காட்டுவதும் அங்கு வீண் முயற்சி. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்தில், 1,224 கோடி ரூபாய் செலவில் போடப்பட்ட கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று இயங்கத் தொடங்கியபோது இந்த நிலை மாறியது. அந்த வடத்தின் இழைகளும் சிலிக்கா கண்ணாடியே. குவார்ட்ஸில் உள்ள அதே இரு தனிமங்கள் ஒளியைச் சுமந்துகொண்டு கடலடியில் கிடக்கின்றன.

ஆயினும் களத்தைத் தேர்வது கண்ணை மூடிக்கொண்டு செய்யத்தக்கதன்று. எட்சி, பட்டியலிடும் ஒவ்வொரு பொருளுக்கும் 20 அமெரிக்கச் சென்ட் கட்டணமும், 2022 ஏப்ரல் முதல் விற்பனையில் 6.5 விழுக்காடும் பெறுகிறது. அந்தக் கட்டணத்திற்கு ஈடாக, கைவினையையும் அரிய கல்லையும் தேடிவரும் அயல்நாட்டு வாடிக்கையாளர் கூட்டம் அங்குக் கிடைக்கிறது. பெரும் பொதுத்தளங்களில் கூட்டம் பெரிது, ஆனால் அங்கே ஒரே திரையில் உண்மைப் படிகமும் வார்ப்புக் கண்ணாடியும் அடுத்தடுத்துத் தோன்றி, விலை குறைந்ததே வெல்லும். கொங்கின் ஸ்படிகத்திற்கு அந்தப் போட்டி தீங்கானது என்பதே வரலாறு அறிந்தவர் கொள்ளத்தக்க முடிவு. சமூக ஊடக நேரலையில் கல்லைக் கையில் பிடித்து ஒளியில் திருப்பிக் காட்ட முடிகிறது, கேட்டவர்க்கு உடனே குறையைச் சொல்ல முடிகிறது; மதுரை மணிவீதிக்கு மிக நெருங்கிய இணையக் களம் அதுவே. ஆனால் பணத்திற்கும் பொருளுக்கும் பிணை நிற்கும் நிகமம் அங்கு இல்லை.

மருத்துவப் பேச்சு இந்த வணிகத்தின் பெரிய படுகுழி. படிகம் நோய் தீர்க்கும், வினை போக்கும் என்னும் விளம்பரங்கள் இணையத்தில் மலிந்திருக்கின்றன. தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இந்தியாவில் தடை செய்துள்ளது. 2012இல் ஈபேயும் 2015இல் எட்சியும் மந்திர வினைகளையும் பலன் உறுதிகளையும் விற்பதற்கு வாயிலடைத்தன. கல்லைக் கல்லாக விற்கத் தடையில்லை. ஸ்படிக மாலை அணிவது ஒருவரின் பக்தி, அதை யாரும் பழிக்க வேண்டியதில்லை. அதையே மருந்தென்று நோயாளியிடம் விற்பது கொடுமை, எந்தச் சட்டமும் இல்லாதிருந்தாலும் அது கொடுமையே.

கல்லின் உண்மையைச் சொல்வதும் இன்று பிளினியின் காலத்தைவிட எளிது. செவ்வந்திக்கல்லைச் சூடேற்றினால் மஞ்சளாகிச் சிட்ரின் என்று விலைபோகும். பிளவுபடுத்திய படிகத்தில் சாயம் ஏற்றினால் பல நிறம் கொள்ளும். பால்நீலக் கண்ணாடி 'ஓபலைட்' என்னும் பெயரில் இயற்கைக் கல்போல் நடமாடும். குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, ஒளிவிலகல் எண் 1.544 முதல் 1.553 வரை, கண்ணாடியில் காற்றுக்குமிழ் தென்படலாம், படிகத்தின் ஊடே பார்த்தால் தக்க கோணத்தில் கோடு இரண்டாகத் தெரியும். இவற்றைச் சோதித்து, சூடேற்றியதைச் சூடேற்றியது என்றும் சாயமிட்டதைச் சாயமிட்டது என்றும் எழுதும் விற்பனையாளருக்கு, 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சுமையாக இரா. விற்பவரின் விவரத்தையும் பொருள் தோன்றிய நாட்டையும் காட்ட வேண்டும் என்று அவை கேட்பது, புலிப் பொறி கேட்டதைத்தான். வரி முறை மட்டும் தீவுக்குச் சற்றுக் கடினமானது: 2023 அக்டோபர் 1 முதல் இணையச் சந்தை வழி விற்கும் சிறு வணிகர்க்கு அளிக்கப்பட்ட சரக்கு சேவை வரிப் பதிவு விலக்கு, தம் மாநிலத்துக்கோ ஒன்றியப் பகுதிக்கோ உள்ளேயே விற்பவர்க்கு உரியது, வாங்குவோரில் பெரும்பாலோர் பெருநிலத்தில் இருக்கும்போது, அந்தமான் விற்பனையாளர் பதிவின்றித் தொழில் செய்வது அரிது.

பாம்பூஃப்ளாட்டில் ஒருவர் இந்தத் தொழிலில் இறங்கினால், அவர் விற்கும் ஸ்படிகம் காங்கேயத்திலிருந்தோ ஜெய்ப்பூரிலிருந்தோ சென்னைத் துறைமுகம் வந்து, ஏறத்தாழ மூன்று நாள் கப்பலில் கிடந்து, 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் பெற்ற போர்ட் பிளேரில் இறங்கி, சாத்தம் துறையில் படகேறி வடகரை சேர வேண்டும். விலைபோன பின் அதே படகில் திரும்பி, கப்பலோ விமானமோ ஏறி, அதே வங்கக் கடலை மறுமுறை கடக்க வேண்டும். கடலடி வடத்தில் நொடியில் போய்ச்சேர்வது கல்லின் படமும், அது எங்கே தோண்டப்பட்டது, யார் கை பட்டது, எந்தப் பட்டையில் சிறு கீறல் இருக்கிறது என்று அவர் எழுதியனுப்பும் சில வரிகளுமே.